கஞ்சித் தொட்டியும் எடைப் பதிவேடும்

இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் மிகுதியாக வருவதற்கு ஆங்கிலேயர் காலப் பஞ்சங்களே காரணம் என்றொரு கூற்று சில ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் உலவி வருகிறது. நம் பாட்டன் பூட்டன்மார் பட்டினி கிடந்தார்கள். அவர்களுடைய உடல் கிடைத்ததையெல்லாம் கொழுப்பாகச் சேர்த்துவைக்கப் பழகிக்கொண்டது. அந்தப் பழக்கம் மரபணு வழியாக நமக்கு இறங்கியிருக்கிறது. வயிறார உண்ணும் காலம் வந்ததும் அதுவே நோயாகிவிட்டது. கூற்றின் சாரம் இவ்வளவே. சென்ற மாதம் மட்டும் இதை மூன்று நண்பர்கள் எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூவரும் நன்கு படித்தவர்கள். மூவரும் காலனியத்தின் கொடுமைகளை நினைவில் வைத்திருப்பவர்கள். ஆகவே சிரித்துவிட்டுக் கடந்துபோக மனம் வரவில்லை.

மருத்துவம் என் துறையன்று. மொழியியலில் முதுகலை முடித்து, பழைய நிருவாக ஆவணங்களின் மொழியை ஆராய்ந்து வருகிறேன். பதிவேடுகளோடு பழகியவர்களுக்கு ஒரு குணம் வந்துவிடும்: ஒருவர் ஒன்றைச் சொன்னால், அதை முதலில் எழுதிவைத்தது யார், எதற்காக எழுதினார் என்று கேட்கத் தோன்றும். பிறப்பு எடைக்கும் பிற்காலச் சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவு குறித்து இன்று உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, வேறு ஏதோ ஒரு நோக்கத்துக்காக யாரோ எழுதிவைத்த எடைப் பதிவேடுகளிலிருந்து கிடைத்தது. அவற்றுள் மிக முதன்மையான சில இந்தியாவில் எழுதப்பட்டவை. அவற்றைக் குறித்தே இந்தப் பதிவு. நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் பஞ்சத்தைப் பார்த்துவிடலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய் மாகாணத்தையும் உலுக்கிய பஞ்சத்தின்போது, நிவாரணப் பணியில் மண் சுமப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று வைசிராயின் தூதராக வந்த ரிச்சர்டு டெம்பிள் முடிவுசெய்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது, பருப்பும் வேண்டும் என்று வாதிட்டார். இருவருக்கும் நடந்த எழுத்துப்போர் இந்திய ஊட்டச்சத்து வரலாற்றின் முதல் பெரிய விவாதங்களுள் ஒன்று. கஞ்சித் தொட்டி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் மனம் ஏன் சுருங்குகிறது என்பதற்கு அந்த ஆண்டுகளே விளக்கம். பஞ்சங்களின் கொடுமையை மறுப்பவர் எவரும் இங்கில்லை.

ஆனால் பஞ்சம் ஒரு தலைமுறையின் உடலில் நோயை விதைக்கும் என்பது ஒரு கூற்று. அது கொள்ளுப்பேரன் வரைக்கும் மரபணுவாக இறங்கும் என்பது முற்றிலும் வேறொரு கூற்று. முன்னதற்குச் சான்றுகள் உள்ளன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்து நாட்டில் நாஜிப் படை உணவு வரத்தைத் தடுத்தபோது கருவிலிருந்தவர்கள், ஐம்பது வயதை எட்டிய காலத்தில் குளுக்கோஸைச் சரியாகக் கையாள இயலாதவர்களாக இருந்தனர் என்று 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. உக்ரைனில் 1932-33 பஞ்சத்தின்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தோருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இரு மடங்குக்கும் மேலாக வந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இவை பட்டினியைத் தாயின் வயிற்றிலேயே பட்டவர்களைப் பற்றியவை. பிந்தைய கூற்றுக்கு, அதாவது 1877-ஆம் ஆண்டின் பட்டினி இன்று பெங்களூரில் கணினி முன் அமர்ந்திருப்பவரின் இரத்தச் சர்க்கரையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு, இப்படிப்பட்ட பதிவேடு எதுவும் ஆதாரமாகக் காட்டப்படுவதில்லை.

இன்னொரு முரணும் உண்டு. லெனின்கிராடு முற்றுகையின்போது கருவிலும் கைக்குழந்தையாகவும் பட்டினி கிடந்தவர்களை 1997-இல் ஆராய்ந்தபோது, அவர்களிடம் குளுக்கோஸ் கோளாறு கூடுதலாகக் காணப்படவில்லை. ஏன்? ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று சிந்திக்கத் தக்கது. நெதர்லாந்தில் பஞ்சம் சில மாதங்களில் முடிந்து, உடனே உணவு பெருகியது. லெனின்கிராடில் முற்றுகைக்கு முன்னும் பின்னும் பற்றாக்குறையே நிலவியது. அப்படியானால் நோயை வரவழைப்பது பசி மட்டுமன்று. பசிக்குப் பின் வரும் வளர்ச்சியின் வேகமும் காலமும் கணக்கில் வருகின்றன. இந்த ஒரு கேள்வியை விடுவிக்கத்தான் பின்வரும் பதிவேடுகள் தேவைப்பட்டன.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல், மார்கரெட் பர்ன்சைடு என்ற தலைமைச் சுகாதாரப் பார்வையாளரின் மேற்பார்வையில், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் எடையும் பேரேடுகளில் எழுதப்பட்டது. செவிலியர்கள் வீடுவீடாகச் சென்றார்கள். தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று குறித்தார்கள். ஓராண்டு நிறைந்ததும் மீண்டும் எடை பார்த்தார்கள். போயர் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் உடல்நலிவு கண்டு கலங்கிய ஒரு பேரரசின் கவலை அந்தப் பேரேடுகளுக்குப் பின்னால் இருந்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அவை டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் குழுவினர் கையில் கிடைத்தன. 1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் இறப்புகளை அவர்கள் பேரேட்டோடு ஒப்பிட்டார்கள். ஒரு வயதில் 18 பவுண்டோ அதற்குக் குறைவாகவோ எடையிருந்தவர்களுள் இதய நோயால் இறந்தோர் விகிதம், 27 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். 1991-இல் கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் ஹேல்ஸும் பார்க்கரும் அதே மாவட்டத்தில் பிறந்து 64 வயதை எட்டிய ஆண்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்தார்கள். பிறப்பு எடையும் ஓராண்டு எடையும் குறையக் குறைய, சர்க்கரைக் கோளாறு கூடியது.

அடுத்த ஆண்டே இருவரும் ஒரு சொல்லை உருவாக்கினர். இங்கே என் துறைக்குள் சற்று நுழைகிறேன். 1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் ‘சிக்கன மரபணு’ என்ற கருத்தை முன்வைத்திருந்தார். பஞ்ச காலத்தில் கொழுப்பைச் சேமிக்க உதவிய மரபணுக்கள் வளமான காலத்தில் தீங்காகிவிட்டன என்பது அவர் ஊகம். சமூக ஊடகத்தில் இன்று உலவுவது ஏறத்தாழ இந்த அறுபதாண்டுப் பழைய ஊகமே. ஹேல்ஸும் பார்க்கரும் நீலின் சொற்றொடரில் முதற்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பிற்பாதியை மாற்றி, ‘சிக்கனத் தோற்றவமைவு’ என்றனர். ஒரே ஒரு சொல் மாற்றம், பொருளோ தலைகீழ். முதலாமவர் காரணத்தைப் பரம்பரையில் தேடினார். பின்னவர்கள் ஒருவருடைய சொந்த வாழ்வின் முதல் ஆயிரம் நாட்களில், தாயின் உணவுத் தட்டில், தேடினார்கள். முதல் விளக்கத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாம் விளக்கத்தில் அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு சொற்களும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால் நேர்ந்த குழப்பம் கொஞ்சநஞ்சமன்று.

அவர்களின் விளக்கத்தைச் சுருங்கச் சொல்கிறேன். கருவில் உணவு குறையும்போது உடல் எதைக் காப்பது, எதை விடுவது என்று பங்கிடுகிறது. மூளைக்கு முதலிடம். தசை, கணையம், சிறுநீரகம் போன்றவை பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான்; அந்தக் கிடங்கே சிறிதாக அமைந்துவிடுகிறது. இன்சுலினைச் சுரக்கும் கணைய உயிரணுக்களும் குறைவாக இருக்கின்றன. அந்தக் குழந்தை வாழ்நாள் முழுவதும் ஒல்லியாகவே இருந்தால் சிறிய கிடங்கும் சிறிய சுரப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். பின்னாளில் எடை வேகமாகக் கூடினால் சிக்கல். தசையைக் கட்டும் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டதால் கூடுவது கொழுப்பு; அதிலும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பு. அது இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகிறது. கணையம் இரட்டிப்பு உழைப்பு உழைத்து ஒருநாள் ஓய்ந்துபோகிறது.

இந்தக் கருத்து இந்தியாவுக்குப் பொருந்துமா என்று பார்க்கப் பதிவேடு வேண்டுமே! மைசூரில் இருந்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. கரோலின் ஃபால் என்ற ஆங்கிலேய மருத்துவரும் மைசூர் மருத்துவர்களும் 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்தார்கள். இதய நோயில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் கதையே திரும்பியது: பிறப்பு எடை இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவும் இருந்தோரில் 11 விழுக்காட்டினருக்கு இதய நோய், மூன்று கிலோவைத் தாண்டியவர்களில் 3 விழுக்காடு. சர்க்கரை நோயிலோ மைசூர் வேறொன்றைச் சொன்னது. நீளம் குறைந்து பருமனாகப் பிறந்தவர்களுக்கும், எடை மிகுந்த தாய்க்குப் பிறந்தவர்களுக்கும் நோய் கூடுதலாக இருந்தது. கருவுற்ற காலத்தில் அந்தத் தாய்மாருக்கே சர்க்கரை ஏறியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த ஐயத்தைச் சோதிக்கவே 1997-98-இல் அதே மருத்துவமனையில் கருவுற்ற பெண்களுக்குச் சர்க்கரை பார்த்து ஒரு புதிய ஆய்வு தொடங்கப்பட்டது. கருக்காலச் சர்க்கரை இருந்த தாய்மாரின் பிள்ளைகள் ஒன்பதரை வயதிலேயே கூடுதல் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் உடையவர்களாக இருந்தனர். ஆக, தாயின் பசியும் ஒரு வாயில். தாயின் சர்க்கரையும் ஒரு வாயில். ஒரே நாட்டில், சில வேளை ஒரே குடும்பத்தின் இரு தலைமுறையில், இரண்டும் அடுத்தடுத்துத் திறக்கின்றன.

இனி தில்லி. என் கணிப்பில் இந்த வரலாற்றின் நடுவிடம் இதுவே.

1969 டிசம்பர் 1 அன்று தெற்குத் தில்லியில், லாஜ்பத் நகரை ஒட்டிய ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் பரப்பில், கணக்கெடுப்பாளர்கள் வேலையைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக உருவான பகுதி அது. சஃப்தர்ஜங் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் சாந்தி கோஷும் அவருடன் பணியாற்றிய எஸ்.கே. பார்கவாவும் முன்னின்று நடத்தினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் தேசியச் சுகாதாரப் புள்ளியியல் மையமும் பொருளுதவி செய்தன. நோக்கம் சர்க்கரை நோய் அன்று. எந்த எடையில் பிறக்கும் குழந்தை பிழைக்கிறது, எது பிழைப்பதில்லை என்பதே அன்றைய கேள்வி. சிசு மரணம் மலிந்திருந்த நாட்டுக்கு அதுவே நியாயமான கேள்வியும் ஆகும்.

மணமான 20,755 பெண்களை அவர்கள் பட்டியலிட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர்களிடையே 9,169 கருவுறுதல்கள். உயிருடன் பிறந்த குழந்தைகள் 8,181. பிறந்த மூன்று நாட்களுக்குள் ஓர் அளவெடுப்பு. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கொருமுறை. பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை. இடையில் சில இடைவெளிகள் விழுந்தாலும் பிள்ளைகள் பதின்பருவத்தைக் கடக்கும் வரை அது தொடர்ந்தது. இவர்கள் நாட்டின் கடையேழைகள் அல்லர். பெற்றோரில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் 15 விழுக்காடு மட்டுமே. ஆனாலும் 43 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன. ஒரே அறை, ஒரு ஸ்டவ், வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன், ஆறு மாதத்துக்கொருமுறை தராசோடு கதவைத் தட்டும் ஒரு சுகாதாரப் பணியாளர். அந்தத் தராசுக்காரரின் பொறுமைக்கு எந்த விருதும் கொடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பேரேட்டில் ஒரு மனிதருக்கு இரண்டே எடைகள். பிறகு அறுபதாண்டு மௌனம். தில்லிப் பதிவேட்டிலோ ஒரு குழந்தையின் வளர்ச்சி ஏறக்குறைய முழுத் தொடராகவே கிடைத்தது.

1998-க்குப் பின் பார்கவாவும் எச்.பி.எஸ். சச்தேவும் கரோலின் ஃபாலும் அவர்களின் கூட்டாளிகளும் அந்தப் பிள்ளைகளைத் தேடினார்கள். குழந்தைகள் இப்போது 26 முதல் 32 வயதுக்காரர்கள். பலர் இடம் மாறிவிட்டனர். 1,492 பேருக்குக் குளுக்கோஸ் சோதனை நடந்தது. முடிவுகள் 2004 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. முப்பது வயதையொட்டிய அந்தக் கூட்டத்தில் 4.4 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய், மேலும் 10.8 விழுக்காட்டினர் அதன் வாசலில்.

இவர்கள் குழந்தைகளாக எப்படி இருந்தார்கள்? பழைய பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டியதில் ஒரு வடிவம் தெரிந்தது. பொதுவாகக் குழந்தையின் உயரத்துக்கேற்ற எடை, அதாவது உடல் நிறை எண், முதலாண்டில் ஏறும். பிறகு சில ஆண்டுகள் இறங்கும். பால்பற்கள் விழும் வயதையொட்டி மீண்டும் ஏறத் தொடங்கும். இந்த மறு ஏற்றத்தை 1984-இல் ரோலான்-கஷெரா என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு விரிவாக விளக்கியிருந்தது. தில்லியில் பின்னாளில் நோயுற்றவர்கள் இரண்டு வயது வரை மற்றவர்களைவிட மெலிந்திருந்தார்கள். அவர்களின் மறு ஏற்றம் சீக்கிரமே தொடங்கியது. அதன் பிறகு இளமைப் பருவம் வரை அவர்களது எண் விரைந்து ஏறிக்கொண்டே போனது. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வயதில் அந்த ஏற்றம் ஒரு திட்ட விலக்கம் கூடுதலாக இருந்தால், நோய்க்கான வாய்ப்பு 1.36 மடங்கு.

ஆய்வறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. அதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நோயுற்ற அவர்களில் ஒருவர்கூடப் பன்னிரண்டு வயதில் பருமனாக இருந்ததில்லை. பள்ளிப் படத்தில் வரிசையில் நிற்கும் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். எந்த மருத்துவரும் ‘எடையைக் குறை’ என்று சொல்லியிருக்க மாட்டார். ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடு’ என்று சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு குழந்தை தன் வயதுக்குரிய அளவுகோலில் எங்கே நிற்கிறது என்பதைவிட, தன்னுடைய பழைய இடத்திலிருந்து எந்த வயதில் எவ்வளவு வேகமாக மேலேறியது என்பதே பேசியது. ஒரே ஒருமுறை எடை பார்க்கும் எந்த ஆய்வாலும் இதைக் கண்டிருக்க இயலாது.

தில்லி நீளவாக்கில் பார்த்ததைப் புனே ஆழமாகப் பார்த்தது. அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், 1993-இல் புனேயை அடுத்த ஆறு சிற்றூர்களில் பெண்களைக் கருவுறுவதற்கு முன்பிருந்தே பின்தொடரத் தொடங்கினார். அந்தத் தாய்மாரின் சராசரி எடை ஏறக்குறைய 42 கிலோ. உயரம் 152 சென்டிமீட்டர். அவர்களின் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையுடன் பிறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, புனேக் குழந்தைகளின் தசையும் வயிற்று உறுப்புகளும் மிகக் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்போ, குறிப்பாகத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த குழந்தைக்குள் ஒரு கொழுத்த குழந்தை. 2003-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே ‘மெலிந்த-கொழுத்த இந்தியக் குழந்தை’ என்பதுதான்.

சுசுருத சங்கிதை நீரிழிவை இரண்டாகப் பிரிக்கிறது: பிறவியிலேயே வருவது, தவறான உணவால் வருவது. முன்னதன் நோயாளி மெலிந்தவர். பின்னதன் நோயாளி பருத்தவர். ஈராயிரம் ஆண்டுகளாக ‘ஒல்லி’ ஒரு பக்கமும் ‘குண்டு’ மறுபக்கமுமாக நின்ற எதிர்ச்சொற்களைப் புனேக் குழந்தை ஒரே உடலில் இணைத்துவிட்டது. யாஜ்னிக் இதைத் தன்னையே காட்டியும் விளக்கினார். 2004-இல் லான்செட் இதழில் அவரும் அவருடைய நண்பர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படமொன்று வந்தது. இருவரின் உடல் நிறை எண்ணும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

புனேயில் அதற்கு முன்பே நடந்த மற்றோர் ஆய்வு, எட்டு வயதுப் பிள்ளைகள் 477 பேரைச் சோதித்தது. எடை குறைந்து பிறந்து, எட்டு வயதில் எடை மிகுந்திருந்தவர்களிடமே இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகம். சிறிதாகப் பிறந்தது மட்டும் குற்றமன்று, பெரிதாக வளர்ந்தது மட்டும் குற்றமன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியதே சிக்கல்.

இந்த இடத்தில்தான் ஆபத்தான ஒரு பிழைவாசிப்பு நுழைகிறது. இதை எழுத அமர்ந்ததற்கு உண்மையான காரணமும் அதுவே. ‘விரைவான எடைக் கூடுதல் தீங்கு’ என்ற ஒற்றை வாக்கியம் செய்தித்தாள்களில் வயதுக் குறிப்பு இல்லாமல் வருகிறது. இங்கிலாந்தில் குறைமாதத்தில் பிறந்து, செறிவூட்டிய பால்மாவு கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம், முதல் இரண்டு வாரங்களில் விரைந்து வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் இன்சுலின் எதிர்ப்பு கூடியதாக 2003-இல் அதுல் சிங்கலும் ஆலன் லூக்காஸும் எழுதினார்கள். அந்த நாட்டுச் சூழலுக்கு அது சரியான கவலையாக இருக்கலாம். அதே வாக்கியத்தை எடுத்து, எலும்பு தெரிய மெலிந்திருக்கும் ஆறு மாத இந்தியக் குழந்தைக்குப் பொருத்தினால் என்னவாகும்? அந்த வயதில் மெலிந்திருந்ததே தில்லியின் நோயாளிகளுடைய அடையாளம் என்பதை மறந்துவிடுவோம். தில்லி, பிரேசிலின் பெலோட்டாஸ், குவாத்தமாலா, பிலிப்பைன்சின் செபு, தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோ ஆகிய ஐந்து இடங்களின் பதிவேடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டின் ஆய்வு இதைத் தெளிவாகவே பிரித்துக் காட்டியது. முதல் இரண்டு ஆண்டுகளில் நன்கு வளர்ந்தவர்கள் பின்னாளில் உயரமானார்கள், கூடுதலாகப் படித்தார்கள். இரண்டு வயதுக்குப் பின், உயரம் கூடாமல் எடை மட்டும் கூடியவர்களுக்கே பருமனும் உயர் இரத்த அழுத்தமும் மிகுந்தன.

இந்தப் பிழைவாசிப்புக்கு இந்தியாவில் ஒரு முன்கதை உண்டு. 1980-களின் தொடக்கத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், ஏழை நாடுகளின் குள்ளமான பிள்ளைகளில் பெரும்பாலோர் ‘சிறியவர்கள், ஆனால் நலமானவர்கள்’ என்று எழுதினார். குறைந்த உணவுக்கு ஏற்ப உடல் தன்னைத் தகவமைத்துக்கொண்டதாம். ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லையாம். ஊட்டச்சத்துத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்க மனமில்லாதவர்களுக்கு இதைவிட இனிய சொற்றொடர் கிடைக்குமா? சேலத்தில் பிறந்து, ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வளர்த்தெடுத்த சி. கோபாலன் இதை விடாது எதிர்த்தார். குறுகிய உடலை ‘தகவமைவு’ என்று அழைப்பது வறுமையை ஏற்றுக்கொள்ளச் செய்யும் சூழ்ச்சியாகிவிடும் என்பது அவர் வாதத்தின் உட்கிடை. தில்லி முடிவுகள் வருவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அவர் சரியான பக்கம் நின்றிருந்தார் என்று சொல்வேன். பழைய ‘சிறியவர்கள் ஆனால் நலமானவர்கள்’ இன்று ‘வேகமாக வளர்த்தால் சர்க்கரை வரும்’ என்ற புதிய சட்டை அணிந்து வருகிறது. இரண்டும் கடைசியில் சென்று சேருமிடம் குழந்தையின் தட்டிலிருந்து ஒரு கரண்டியைக் குறைப்பதே.

உணவு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஐதராபாத்தை அடுத்த சிற்றூர்களே சான்று. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிந்தது. அப்படி விரியும்போது, சில ஊர்களுக்கு முன்பும் சில ஊர்களுக்குப் பின்பும் அது வந்து சேர்ந்ததைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஓர் ஆய்வாகவே பயன்படுத்திக்கொண்டது. 1987 முதல் 1990 வரை 15 ஊர்களில் கருவுற்ற பெண்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கூடுதல் உணவு கிடைத்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 கலோரி. அருகிலிருந்த 14 ஊர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் 13 முதல் 18 வயதை எட்டியபோது மீண்டும் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. உணவு கிடைத்த ஊர்களின் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரம் கூடுதல். இன்சுலின் எதிர்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு. உடற்கொழுப்பில் வேறுபாடில்லை. அங்கன்வாடி உப்புமாவைக் கிண்டல் செய்பவர்கள் இந்த எண்களைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அங்கன்வாடியின் குறையும் இதே வரலாற்றில் தெரிகிறது. நெடுங்காலம் அங்கே வயதுக்கேற்ற எடை ஒன்றே பார்க்கப்பட்டது. குள்ளமாகவும் கொழுப்பு கூடியும் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளையும், உயரத்துக்கேற்ற உடலோடு மெலிந்திருக்கும் பிள்ளையும் அந்த அட்டையில் ஒரே கோட்டில் நிற்பார்கள். முன்னவனுக்கு வேண்டியது பருப்பும் முட்டையும் பாலும் கீரையும் ஓடியாட இடமும். வெறும் மாவும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் எடையைக் கூட்டி அட்டையைப் பச்சை நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும், அவ்வளவே. பிறந்து முதல் இரண்டாண்டு வரையிலான காலமோ அங்கன்வாடிக்கு நடந்துவர முடியாத வயது. உணவு மிகத் தேவைப்படும் பருவத்தில் பிள்ளை வீட்டில் இருக்கிறது. அட்டை அங்கன்வாடியில் இருக்கிறது.

தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சும் இந்த ஆய்வுகளின் நிழலில் வளர்ந்திருக்கிறது. ‘கருவுற்றிருந்தபோது நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்று மருமகளைப் பார்த்துச் சொல்வது எளிது. 42 கிலோ எடையுள்ள பெண் கருவுற்ற பிறகு ஒன்பது மாதத்தில் தன் முழு வளர்ச்சியையும் மீட்டுவிட முடியுமா? மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006-இல் தொடங்கிய ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. 6,500-க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருவுறுவதற்கு முன்பிருந்தே தினமும் ஒரு சிற்றுண்டி. ஒரு பிரிவினருக்குக் கீரை, பழம், பால் சேர்ந்தது. மற்றவர்களுக்கு அவை குறைந்த காய்கறிகளால் ஆனது. சமோசா, பஜ்ஜி போன்ற தெருவோரப் பண்டங்களின் வடிவில்தான் செய்தார்கள்; இல்லாவிட்டால் யார் தினமும் தின்பார்கள்? மொத்தக் கணக்கில் பிறப்பு எடையில் பெரிய மாற்றம் வரவில்லை. கருவுறுவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கியவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடுதல். எதிர்பாராத வேறொன்று கிடைத்தது: கருக்காலச் சர்க்கரை நோய் ஒரு பிரிவில் 12.4 விழுக்காடாக இருக்க, கீரை-பழம்-பால் பிரிவில் 7.3 விழுக்காடாக இருந்தது. மைசூர் காட்டிய இரண்டாம் வாயிலை ஒரு சமோசா பாதி சாத்தியிருக்கிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, இந்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். அதே நாட்டில், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார்கள். இவற்றை இரு வேறு இந்தியாக்களின் புள்ளிவிவரங்களாக நாளிதழ்கள் வெவ்வேறு பக்கங்களில் வெளியிடுகின்றன. தில்லிப் பதிவேட்டில் அவை ஒரே பெயருக்கு நேரே, முப்பதாண்டு இடைவெளியில், ஒரே வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன.

புனேச் சிற்றூர்களில் வேலை இன்னும் முடியவில்லை. 1990-களில் அங்கே பிறந்த பிள்ளைகளின் தாய்மாரிடம் பி12 வைட்டமின் பற்றாக்குறை பரவலாக இருந்தது முன்பே தெரிந்திருந்தது. பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்தவர்களாக இருந்தார்கள். 2012-இல், பதினேழு வயதையொட்டிய அந்தப் பிள்ளைகளுக்கே, மகன்கள் மகள்கள் இருபாலருக்கும், சிறிய அளவில் பி12 கொடுக்கத் தொடங்கினார்கள். திருமணமாகிக் குழந்தை பிறக்கும் வரை அது தொடர வேண்டும் என்பது திட்டம். பாட்டியின் எடை 1993-இல் எழுதப்பட்ட அதே ஊர்களில், பேரக் குழந்தை பிறந்ததும் இப்போது எடை பார்க்கிறார்கள்.